குமரி மாவட்ட வீடுகளில் மர உத்திரங்களை ஈரத்திலிருந்து காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும், புது வீட்டில் உத்திரமும் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் பேச்சு "என்ன பூசலாம்?" என்றுதான் தொடங்கும். பூச்சைப் பற்றியும் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தண்ணீர் எந்த வழியாக மரத்துக்கு வருகிறது, வந்த தண்ணீர் எந்த வழியாகக் காய்ந்து போகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் பூச்சுக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், மரமும் போகும்.

மரம் நனைந்தாலே கெட்டுவிடுமா?

இல்லை. நனைந்த மரம் சில நாளில் காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. காய வழியில்லாமல் ஈரமாகவே கிடப்பதுதான் ஆபத்து.

மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்குத் தின்ன மரம், காற்று, மிதமான சூடு, ஈரம் ஆகிய நான்கும் வேண்டும். முதல் மூன்றும் நம் ஊரில் வருஷம் முழுக்க இருக்கின்றன. நம் கட்டுப்பாட்டில் இருப்பது ஈரம் ஒன்றுதான். காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, அதிலுள்ள தண்ணீர் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் மரத்தை மக்க வைக்க முடியாது. 28, 30 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் உள்ளே சேதம் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தாலும், ஒழுகாத கூரைக்கு அடியில் இருக்கிற மரம் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தில்தான் நிற்கும். அதாவது மழைக்காலக் காற்று மட்டும் உத்திரத்தை மக்க வைப்பதில்லை. உத்திரம் மக்கியிருந்தால், எங்கிருந்தோ தண்ணீர் நேரடியாக வந்து தொடுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

நம் மாவட்டத்தில் ஏன் இந்தப் பிரச்சினை அதிகம்?

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு ஒரு பெரிய மழைக்காலம்தான். நமக்கு இரண்டு. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஆவணி வரை விட்டுவிட்டுப் பெய்யும். அந்த ஈரம் காய்வதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நன்றாக வெயில் அடித்து மரம் முழுசாகக் காய்வது தை முதல் பங்குனி வரைதான்.

மாவட்டத்துக்குள்ளேயும் நிலைமை ஒன்றுபோல இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வீசும் தோவாளைப் பக்கம் நனைந்த மரம் சீக்கிரம் காயும். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற வீடுகளில் நிழலும் ஈரமும் சேர்ந்து, ஓட்டில் பாசி பிடித்துக் கிடக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று மரத்தைவிட அதைப் பிடித்திருக்கும் இரும்பை முதலில் தின்னும். அதனால் தோவாளைக்காரர் சொல்லும் வைத்தியம் குலசேகரத்துக்கு அப்படியே பொருந்தாது.

அப்படியானால் பத்மநாபபுரம் அரண்மனை எப்படி நிற்கிறது?

மரம் நல்ல மரம் என்பது பாதிக் காரணம்தான். தக்கலை அருகே இருக்கிற அந்த அரண்மனைக்குப் போகிறவர்கள் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலா மரத்தில் செதுக்கிய தூணைப் பார்த்து வியப்பார்கள். வியக்க வேண்டிய தூண்தான். அடுத்த முறை போகும்போது கூரையையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும். இறவாணம் (கூரையின் வெளி விளிம்பு) சுவரைத் தாண்டி நீண்டு இறங்கியிருக்கும். ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் சாய்வான மரப்பட்டிகள் அடுக்கியிருக்கும். மழை உள்ளே அடிக்காது, காற்று மட்டும் நுழையும். கூரை மரத்தின் அடிப்பக்கத்தில் எப்போதும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. அந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை தொடர்ந்து பராமரித்து வருகிறது. ஓடு மாற்றாமல், இலை கூட்டாமல் விட்டிருந்தால் எந்த மரமும் இத்தனை காலம் நின்றிருக்காது. வீட்டைக் கட்டிய தாத்தா நல்ல தடி (மரம்) போட்டார் என்ற நம்பிக்கையில் கூரைமேல் ஏறிப் பார்க்காமலே இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உத்திரத்தில் எந்த இடம் முதலில் கெடும்?

முனை. அநேகமாக எப்போதும் முனைதான். மரம் வளர்ந்தபோது வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அறுத்த முனையில் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த வழியாக மரம் தண்ணீரைக் குடிக்கும். சுவருக்குள் சொருகிய முனை, வெளியே நீட்டிய கழுக்கோல் முனை, இரண்டு மரம் சேரும் மூட்டு, ஆணி இறங்கிய துளை, மேல்பக்கத்து வெடிப்பு என்ற வரிசையில் பாருங்கள். உத்திரத்தின் நடுப்பகுதி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து யாரும் திருப்தி அடைய வேண்டாம்.

வீட்டில் நானே எப்படிச் சோதிப்பது?

ஒரு ஸ்க்ரூடிரைவரும் நல்ல டார்ச்சும் போதும். சந்தேகப்படும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். நல்ல மரம் இறங்க விடாது. கெட்ட மரத்தில் கால் அங்குலம், அரை அங்குலம் சுலபமாக இறங்கும். அதே முனையால் ஒரு சின்னச் சிராயைக் கிளப்பிப் பாருங்கள்: நல்ல மரத்தில் அது நீளமாக நார் நாராக எழும்பும், மக்கிய மரத்தில் சத்தமில்லாமல் குட்டையாக உடையும். சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீர் என்றும் உள்ளே கூடான இடம் பொத்தென்றும் கேட்கும்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் சின்ன மீட்டர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. இரண்டு ஊசியையும் மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். ஒன்று வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் கடலோர வீட்டில் உப்பு படிந்த மரத்திலும், போராக்ஸ் கரைசல் பூசிய மரத்திலும் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் ஒற்றை எண்ணை நம்பாமல், ஒரே உத்திரத்தின் நடுவிலும் முனையிலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். நடுவில் 15, முனையில் 26 என்றால் முனைக்குத் தண்ணீர் வருகிறது.

உத்திரத்தில் கறை தெரிகிறது. ஓடு ஒழுகுகிறதா, சுவர் ஈரமா?

கறையின் இடத்தைப் பாருங்கள். கழுக்கோல் வழியாக ஓடி இறங்கிய கோடு போல இருந்தால் மேலே ஓடு உடைந்திருக்கலாம் அல்லது நகர்ந்திருக்கலாம். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் உடைசல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் பட்டியலிலும் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கழுக்கோலிலும் சரிந்து ஓடி, ஏதாவது ஒரு முடிச்சிலோ மூட்டிலோதான் சொட்டும். அதனால் கறையிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

சுவரை ஒட்டி மட்டும் கறுத்திருந்தால் சுவர் ஈரத்தைச் சந்தேகியுங்கள். இரண்டு கூரை சேரும் மூலைக்கு அடியில் என்றால், அங்கே பதித்த தகரப் பாத்தியில் ரப்பர் இலையோ பலா இலையோ அடைத்திருக்கும். எனக்குத் தெரிந்தவரை குமரி வீடுகளில் உத்திரத்தைக் கெடுக்கும் காரணங்களில் முதலிடம் இந்த மூலைப் பாத்திக்குத்தான். இரண்டு கூரையின் தண்ணீரும் ஓடுகிற இடம் அது; தகரம் துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலே அடியில் இருக்கும் மரம் மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டிருக்கும். துருப்பிடித்த தகரத்துக்குத் தார் பூசிச் சமாளிக்காமல் அலுமினியத் தகடாக மாற்றிவிடுங்கள்.

காற்றோடு அடிக்கிற மழை தனிக் கதை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஓட்டு வீடுகள் பட்ட பாடு நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. புயல் வராத வருஷத்திலும் பலமான காற்று ஓட்டை லேசாகத் தூக்கி நகர்த்திவிடும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து கூரையைப் பாருங்கள். வெளிச்சக் கீற்று தெரிகிற இடமெல்லாம் தண்ணீர் வரும் இடம்.

சுவருக்குள் போகும் உத்திர முனையை எப்படிப் பாதுகாப்பது?

அந்த முனைக்கு மூச்சு விட இடம் வேண்டும். உத்திரம் உட்காரும் இடத்தில் அடியில் ஒரு கருங்கல் பலகையும், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் ஏறாத தார் ஷீட் துண்டும் வையுங்கள். பக்கவாட்டிலும் மேலேயும் முனைக்குப் பின்னாலும் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் சிமென்ட் கலவையை அடைக்கவே கூடாது. பல்லியும் குளவியும் புகும் என்று கொத்தனார் அடைக்கப் பார்ப்பார். துருப்பிடிக்காத கம்பி வலை வைத்தால் அதற்கும் தீர்வு கிடைத்துவிடும்.

முனையை பிளாஸ்டிக் தாளால் சுற்றிச் சொருகுகிற பழக்கம் இப்போது பரவி வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெடிப்பு வழியாகவோ சுவர் வழியாகவோ உள்ளே போன ஈரம் அந்தச் சுற்றுக்குள் சிக்கி, வெளியேற வழியில்லாமல் முனையை மக்க வைக்கும்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்துவிட்டால் தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக முடியாமல் மேலே மேலே ஏறும். கடைசியில் உத்திர முனையைத் தொடும். நன்றாக இருந்த உத்திரம், வீட்டைப் புதுப்பித்த பிறகு கெட ஆரம்பித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். செலவு கூடும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடவும் வேண்டும். ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

இறவாணத்துக்கு வெளியே நீட்டி நிற்கும் கழுக்கோல் முனைகளுக்கு?

கடைசி வரிசை ஓடு கழுக்கோல் முனையைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். முனையை நேராக வெட்டாமல் கீழ்ப்பக்கம் உள்வாங்கும்படி சாய்த்து வெட்டினால் தண்ணீர் முனையில் தங்காமல் சொட்டிவிடும். வெட்டிய முகத்துக்கு மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு கவனம் கொடுத்து, அது குடிக்கிறவரை எண்ணெய் கொடுங்கள். அழகுக்காக ஓட்டுக்கு வெளியே நீட்டி விடுகிற முனைகளுக்கு மேல்பக்கத்தில் மட்டும் தகடு மூடி போடலாம். மூடிக்கும் மரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

நல்ல வார்னிஷ் அடித்துவிட்டால் போதாதா?

வீட்டுக்கு உள்ளே, மழை படாத உத்திரத்துக்கு அடிக்கலாம். மழையும் வெயிலும் படும் இடத்தில் வேண்டாம். வார்னிஷும் பாலியூரித்தேனும் மரத்தின்மேல் ஒரு தோலாக உட்காரும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். தோல் அந்த அளவுக்கு இழுபடாது. வெயிலும் சேர்ந்து அதை உரிக்கும். மயிரிழை அளவு வெடிப்பு விழுந்ததும் தண்ணீர் உள்ளே போய்விடும், போனது சுலபத்தில் வெளியே வராது. மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் மரம் கறுத்துக்கொண்டிருக்கும்.

வெளிப்பக்கத்துக்கு மரத்துக்குள் ஊறுகிற எண்ணெய் வகைப் பூச்சு நல்லது. ஊறும் பூச்சு உரியாது, மங்கத்தான் செய்யும். மங்கினால் தூசி தட்டி மறுபடி ஒரு கை கொடுக்கலாம், சுரண்ட வேண்டிய வேலை இல்லை.

எந்த எண்ணெய்?

ஆளிவிதை எண்ணெய் பெயின்ட் கடையில் கிடைக்கும். காய்ச்சிய வகையை வாங்குங்கள். பச்சை எண்ணெய் நம் ஊர் ஈரத்தில் காய நாளாகும், அதன்மேலேயே பூஞ்சையும் பிடிக்கும். முதல் கைக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தால் ஆழமாக இறங்கும். கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்கிற எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகத் தங்கி, தூசியெல்லாம் ஒட்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்தத் துணியைச் சுருட்டிக் குவித்துப் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, குவியல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அண்டித்தோட்டிலிருந்து (முந்திரிக்கொட்டையின் ஓடு) எடுக்கிற எண்ணெய் நம் பக்கத்துப் பழைய வைத்தியம். அண்டி ஆபீஸ்கள் (முந்திரி ஆலைகள்) நிறைந்த மாவட்டத்தில் அது சுலபமாகக் கிடைத்தது, மரப்பூச்சிகளுக்கும் பூஞ்சைக்கும் அது ஆகாது. இன்றைக்கும் அடுக்களைக் கூரைக்கும் கண்ணுக்குத் தெரியாத முனைகளுக்கும் நான் அதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் மரம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும், தோலில் பட்டால் புண்ணாகும். அண்டி உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட எண்ணெய் என்று தெரியும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் யாரையும் அந்த வேலைக்கு ஏற்றாதீர்கள்.

வேப்பெண்ணெய் பூச்சியைக் கொஞ்ச காலம் விரட்டும். மழைக்கு நிற்காது.

கரி ஆயில் பூசலாமா? செலவே இல்லையே.

வேண்டாம். வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகளும் உடம்புக்குக் கேடான பொருள்களும் இருக்கின்றன. அது மரத்தில் காயாது. ஆண்டுக்கணக்கில் கையிலும் துணியிலும் ஒட்டும், வெயில் நாளில் நாற்றம் அடிக்கும், தீப்பிடித்தால் வேகமாகப் பரவும். பிற்பாடு வேறு எந்த நல்ல பூச்சு அடித்தாலும் அந்த மரத்தில் பிடிக்காது. மாட்டுத் தொழுவத்தில் போட்டிருந்தால்கூட மாடு நக்கும். படுத்துத் தூங்குகிற அறையின் உத்திரத்துக்கு அது எதற்கு?

போராக்ஸ், போரிக் ஆசிட் பற்றிச் சொல்கிறார்களே?

கூரைக்கு அடியில் இருக்கிற மரத்துக்கு, ஒரு வீட்டுக்காரர் தானே செய்துகொள்ளக்கூடிய சிகிச்சைகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். பூஞ்சை, உளு (மரத்தைத் துளைக்கும் வண்டு), சிதல் (கறையான்) மூன்றுக்கும் அது விஷம். மணமும் நிறமும் கிடையாது.

எடையில் ஒன்றரைப் பங்கு போராக்ஸுக்கு ஒரு பங்கு போரிக் ஆசிட். பத்து லிட்டர் சுடு தண்ணீருக்கு 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் ஆசிட் என்று கரைக்கலாம். பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாது. சூடாக இருக்கும்போதே பிரஷ்ஷாலோ ஸ்ப்ரேயராலோ மரத்தை நன்றாக நனைத்து, ஊறியதும் மறுபடி, அதற்குப் பிறகும் ஒரு முறை கொடுக்க வேண்டும். மூட்டு, வெடிப்பு, ஆணித் துளை, முனை ஆகிய இடங்களில் தாராளமாக ஊற்றுங்கள். மரம் ஓரளவு ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே பரவும்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, வார்னிஷோ பெயின்ட்டோ இல்லாத வெறும் மரத்தில்தான் இது ஊறும். இரண்டாவது, மழை பட்டால் கரைந்து போய்விடும். அதனால் வெளிப்பக்க மரத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது. கொடுத்து, சில வாரம் நன்றாகக் காய விட்டு, அதன்மேல் எண்ணெய் அல்லது வேறு பூச்சு கொடுங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம். அரிசிப் பானையும் தண்ணீர்த் தொட்டியும் மூடியிருக்கட்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். அடிக்கடி நனைகிற இடத்துக்கான தடியைத் தொழிற்சாலையில் அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றியே வாங்குவது நல்லது. மரத்துக்கு மருந்து ஏற்றும் முறைகளுக்கு ஐ.எஸ். 401 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது; வாங்கும்போது அதன்படி செய்ததா என்று கேளுங்கள்.

ஆடி மாதம் வந்தால் தட்டுப் பலகையில் (கூரைக்கு அடியில் அடித்த மச்சுப் பலகை) வெள்ளையாகப் பூக்கிறது. மரம் கெட்டுப்போகிறதா?

இல்லை. அது மரத்தின்மேல் படிந்த தூசியிலும் எண்ணெய்ப் பசையிலும் வளரும் மேற்பூஞ்சை. மரத்தின் பலத்தை அது குறைக்காது. ஆனால் அங்கே காற்றோட்டம் போதவில்லை என்று அது உங்களுக்குச் சொல்கிறது. காய்ந்த துணியால் தட்டினால் வீடெங்கும் பரவும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் போட்டுக் காய விடுங்கள். அப்புறம் பரணில் நெருக்கி அடுக்கிய சாமான்களைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கூரையின் இரண்டு முக்கோணச் சுவரிலும் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். குருவி வராமல் இருக்க அட்டை வைத்து அடைத்திருந்தால், அட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.

விறகு அடுப்பு எரிந்த காலத்தில் அடுக்களைக் கூரையில் இந்தத் தொல்லை குறைவு. தினசரிச் சூடு மரத்தைக் காய வைத்தது, புகை பூச்சியை அண்ட விடவில்லை. கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தக் கூரைக்கு வேறு காவல் வேண்டியிருக்கிறது. விறகடுப்புக்குத் திரும்பச் சொல்லவில்லை. அடுக்களையில் இருப்பவரின் நுரையீரல் உத்திரத்தைவிட முக்கியம். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள்.

சிதலுக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மண்ணிலிருந்து வருகிற சிதல் ஈரம் இல்லாமல் பிழைக்காது. அதனால்தான் மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறது. ஒழுகலும் சுவர் ஈரமும் அதற்கு விருந்து. குழாயைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் அடிப்பதோடு நிறுத்தினால் வேறு வழியாக ஏறும். குழாய் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்து, அடித்தளத்திலேயே மருந்து வைக்க வேண்டும். இதற்கு முறையாகப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

மண் குழாயே கட்டாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் சிதலும் இருக்கிறது. தரையில் கடுகைவிடச் சின்னதாக, மணல் போல உருண்டைகள் தினமும் விழுந்தால் அதுதான். மைதா மாவு போல நைசான தூள் விழுந்தால் உளு. இரண்டுக்கும் துளைக்குள் மருந்து ஏற்ற வேண்டும்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு. தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

ஆணியும் போல்ட்டும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து உப்பி மரத்தைப் பிளக்கும், பிளவு வழியாகத் தண்ணீர் போகும். தேக்கு, அயனி போன்ற மரங்களில் இரும்பைச் சுற்றிக் கறுப்பாகக் கறை படர்வதும் இதனால்தான். துருப்பிடிக்காத எஃகில் 316 தரம் கேட்டு வாங்குங்கள். சாதாரண 304 கடலோரத்தில் சில வருஷத்திலேயே பழுப்பேறும். தென்மேற்குக் காற்று நேராக அடிக்கிற பக்கத்து மரத்தை, மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துக் காய விடுங்கள்.

ஓட்டுக்கு மேலே தகர ஷீட் போட்டால் பிரச்சினை தீருமா?

ஒழுகல் நிற்கும். ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு கையாவது நுழைகிற இடைவெளியும், கீழேயும் உச்சியிலும் காற்றுப் போகத் திறப்பும் இருந்தால் நல்ல ஏற்பாடுதான். ஓட்டின்மேல் படுக்கவைத்தது போல ஷீட்டைப் போட்டால், இரவில் குளிர்ந்த தகரத்தின் அடியில் நீர்த்துளி கோத்துச் சொட்டும். ஒழுகலை அடைத்துவிட்டு வேறொன்றை உண்டாக்கிய கதையாகும்.

ஏசி போட்ட அறைக்கும் இதே நியாயம். தட்டுப் பலகைக்கு அடியில் குளிர், மேலே பரணில் ஈரமான சூட்டுக் காற்று என்றால் பலகையின் மேல்பக்கம் வியர்க்கும். பலகை இடுக்கை அடைத்து, மேலே வெப்பம் தடுக்கும் அட்டை விரித்த பிறகு ஏசி போடுங்கள். உத்திரத்தை மறைத்து ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறவர்கள், ஏறிப் பார்க்க ஒரு கதவாவது விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒழுகல்தான் அதிகமாகக் கெடுக்கும்.

முனை மக்கிவிட்டது. உத்திரத்தையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. நடுப்பகுதி நன்றாக இருந்தால், கெட்ட முனையை நல்ல மரம் தெரிகிறவரை வெட்டி, அதே இனத்து முற்றிய தடியைச் சாய்வு மூட்டாகச் சேர்த்து, போல்ட் போட்டு முறுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைத்துப் பிடிக்கலாம். வேலை நடக்கும்போது உத்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே ஆசாரி கை வைக்கட்டும். மாடியைத் தாங்கும் உத்திரம் என்றால் இதில் சமரசமே கூடாது.

குழியைச் சிமென்டால் அடைக்காதீர்கள். சிமென்ட் ஈரத்தை உறிஞ்சி வைத்து, பக்கத்து மரத்தையும் கெடுக்கும். எப்பாக்ஸி சின்னக் குழிகளுக்குச் சரி, அதுவும் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு.

புதிதாகப் போட எந்தத் தடி நல்லது?

இனத்தைவிட முற்றல் முக்கியம். தேக்கானாலும் வெளிச்சுற்று வெள்ளை சீக்கிரம் கெடும், உள்ளே இருக்கிற காதல்தான் (வைரம் பாய்ந்த நடுப்பகுதி) நிற்கும். தேக்கு, அயனி, முற்றிய பலா, வேங்கை எல்லாம் நம் ஊருக்குப் பழகியவை. அயனி படகு கட்டவே பயன்பட்ட மரம். வெளிப்பக்கத்துக்கு அதைத் தயங்காமல் போடலாம். ரப்பர் மரம் விலை குறைவு, அறைக்கலன்களுக்கு நல்லது; ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், அறுத்த சில நாளிலேயே மருந்து ஏற்றாவிட்டால் நீலம் பாய்ந்து உளுத்துவிடும். உத்திரத்துக்கு வேண்டாம். தென்னை என்றால் வயதான மரத்தின் அடிப்பக்கத்து வெளி வைரம் மட்டும், அதுவும் கூரைக்கு உள்ளே.

மில்லில் அறுத்த தடியை உடனே ஏற்றாதீர்கள். நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காய விடுங்கள்.

இதையெல்லாம் எந்த மாதத்தில் செய்வது?

பூச்சு வேலை மாசி, பங்குனியில். அப்போது மரம் வருஷத்திலேயே மிகவும் காய்ந்திருக்கும். ஓடு மாற்றுவது, பாத்தி சரிபார்ப்பது சித்திரைக்குள். சித்திரை, வைகாசியிலேயே கோடை மழை தொடங்கிவிடும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு மழைக்கும் நடுவே, புரட்டாசியில் ஒரு நாள் பாத்தியில் இலை வாரினால் ஐப்பசி மழைக்குக் கவலை குறையும். வெளிப்பக்க எண்ணெய்க்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மறு கை. மேற்குப் பார்த்த பக்கத்துக்கு வருஷாவருஷம்கூடத் தேவைப்படலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: துளி முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, மரம் உடனே உறிஞ்சிக் கறுத்தால் நேரம் வந்துவிட்டது.

இடித்த வீட்டுப் பழைய உத்திரத்தை வாங்கலாமா?

தாராளமாக. முற்றிக் காய்ந்த தடி இன்றைக்கு அப்படித்தான் கிடைக்கிறது. இரண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, கெட்ட நீளத்தைக் கழித்து விலை பேசுங்கள். வாங்கியதும் பழைய ஆணிகளைப் பிடுங்கி, பழைய பூச்சைச் சுரண்டி, புதுக் கூரையில் ஏற்றுவதற்கு முன் தரையிலேயே வைத்து நான்கு பக்கமும் போராக்ஸ் கரைசல் கொடுங்கள். மேலே ஏற்றிய பிறகு உத்திரத்தின் மேல்முகத்துக்குக் கை எட்டாது.